நாவலேந்தலில் இறங்கிய வேற ஆள்

நாவலேந்தலில் வேற ஆள் வந்து இறங்கியது பங்குனி வெயிலில், மத்தியான மினிபஸ்ஸில். இன்றைக்கும் அந்த ஊரில் யாரையாவது நிறுத்திக் கேட்டுப் பாருங்கள், அவள் எங்கிருந்து வந்தாள், எப்படி வந்தாள் என்று ஒருத்தரும் பேசமாட்டார்கள். முதல் நாள் அவளுக்கு யார் வீட்டுச் சோறு போனது, எந்தத் தெருவில் படுக்க வைத்தார்கள், அதில் யார் யாரோடு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள் என்று கேட்டால் மட்டும் விடிய விடியச் சொல்வார்கள். ஊர் அப்படி. நாமும் அந்த வழியிலேயே போவோம், ஆனால் அதற்கு முன்னால் பூமயிலைத் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் ஊரில் எல்லாரையும்விட அவளுக்குத்தான் வேற ஆள் தேவைப்பட்டது, அவளே பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கிற வேட்பாளர் என்றாலும்.

பஞ்சாயத்துத் தலைவர் என்று சர்க்கார் எழுதும், நாவலேந்தலில் அது பிரசிடெண்டு. டெல்லியில் இருப்பவரை ஜனாதிபதி என்று சொல்லிவிட்டு, பிரசிடெண்டு என்கிற சொல்லைத் தங்களுக்கென்று எடுத்து வைத்துக்கொண்ட ஊர் அது. அந்தப் பதவியை ரொம்ப வருஷமாக இரண்டே வீடுகள் மாற்றி மாற்றி வைத்திருந்தன. ஒன்று பூமயிலின் புருஷன் நாகநாதன் வீடு, இன்னொன்று அவளுடைய அண்ணன் வழிவிட்டான் வீடு. பெயர்தான் வழிவிட்டான், எதிரே பாரவண்டியே வந்தாலும் பைக்கை ஓரங்கட்டமாட்டான். இரண்டு வீடும் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவை: வழிவிட்டானின் தங்கச்சி பூமயில் நாகநாதனுக்கு வாழ்க்கைப்பட்டாள், நாகநாதனின் தங்கச்சி மங்களேஸ்வரி வழிவிட்டானுக்கு வாழ்க்கைப்பட்டாள், ஆகையால் இவளுக்கு அவள் மதினி, அவளுக்கு இவள் மதினி. இரண்டு பேரும் பாவாடை கட்டின காலத்திலிருந்தே ஒன்றாய்க் கண்மாயில் விழுந்து நீச்சல் பழகினவர்கள்.

போன தடவை அந்தச் சீட்டைப் பெண்களுக்கென்று ஒதுக்கினார்கள். ஆண்கள் அசருவார்களா? வழிவிட்டான் மங்களேஸ்வரியை நிற்க வைத்தான், அவள் ஜெயித்தாள், அவன் போய் நாற்காலியில் உட்கார்ந்தான். ஐந்து வருஷமும் அவள் பஞ்சாயத்து ஆபீஸ் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அடுப்பில் அப்பளம் பொரியும்போது அவன் காகிதத்தை நீட்டுவான், எண்ணெய்க் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவள் எழுதிக் கொடுப்பாள், அப்பளம் கருகாமல் இருந்தால் அன்றைக்கு அது நல்ல நிர்வாகம். அப்படிக் கையெழுத்தான காகிதங்களில் ஒன்று, கண்மாயின் மேற்குப் பாதியில் மண் எடுக்கப் பஞ்சாயத்துக்கு ஆட்சேபணை இல்லை என்கிற தீர்மானம். லாரி வந்த பிறகுதான் மங்களேஸ்வரிக்கே அது தெரியும். லாரிகளில் நாகநாதனுக்கும் வழிவிட்டானுக்கும் சரி பங்கு. மேடையில் ஏறினால் வெட்டு குத்து, மண் பக்கம் போனால் மச்சான் மாப்பிள்ளை.

அந்த வருஷ மழையில் கண்மாய் நிறைந்தது. கீழத்தெருச் சடையன், பிறந்ததிலிருந்து முழங்கால் தண்ணீரில் குறுக்கே நடந்து வயலுக்குப் போகிறவர், எப்போதும்போல வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நடந்தார், எப்போதும் இருந்த இடத்தில் தரை இல்லை. அவரைப் பிணமாய் எடுத்துப் போட்டதும் அவர் பெண்சாதி இருளாயி நேராக மங்களேஸ்வரியின் வாசலுக்கு வந்து, திட்டவும் இல்லை, மண்ணை வாரித் தூற்றவும் இல்லை, "நீதான் கையெழுத்துப் போட்டியாமே, எதுக்குத்தா போட்ட?" என்று மட்டும் கேட்டாள். அன்றிலிருந்து மங்களேஸ்வரி அப்பளம் பொரிப்பதில்லை.

இப்போது மறுபடி தேர்தல், மறுபடி பெண்கள் சீட்டு, இந்தத் தடவை நாகநாதன் விடவில்லை, பூமயிலை நிறுத்திவிட்டான். வழிவிட்டான் மறுபடியும் மங்களேஸ்வரியையே நிறுத்தினான். போஸ்டர்களில் புருஷன்மார் ஆளுயரம் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள், பெண்டாட்டிமார் ஸ்டாம்பு அளவுக்கு ஒரு மூலையில் இருந்தார்கள். மதினிகள் பேசிக்கொள்ளக் கூடாது என்று இரண்டு வீட்டிலும் உத்தரவு. நாகநாதன் தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு பூமயிலைக் கையெழுத்துப் போட்டுப் பழகச் சொன்னான். "பூ-வுக்குச் சுழி சரியா வரணும், ஜெயிச்ச மறுநாளே கெழக்குப் பாதிக்குத் தீர்மானம் போடணும்ல" என்றான். கிழக்குப் பாதிதான் மிச்சம். யார் ஜெயித்தாலும் அது போகும், அடுத்த மழைக்கு யாராவது ஒரு சடையன் நடப்பார், அப்போது இருளாயி மாதிரி ஒருத்தி வந்து தன் வாசலில் நின்று கேட்பாள் என்பதை நினைத்தால் பூமயிலுக்குச் சோறு இறங்கவில்லை.

ஊருக்கும் இறங்கவில்லை. முன்னொரு தடவை மூன்றாவதாக மனுப் போட்டவருக்கு வீட்டுக் குழாயில் தண்ணீர் வராமல் போய், அவர் வாபஸ் வாங்கின அன்று சாயங்காலமே வந்துவிட்டது, அதிலிருந்து யாரும் நிற்பதில்லை. கோட்டைக்கு நடக்கிற தேர்தலிலாவது மிஷினில் யாருக்கும் இல்லை என்று ஒரு கடைசிப் பொத்தான் உண்டு; இதில் ரோஸ் கலர் சீட்டு, இரண்டு படம், அவ்வளவுதான். ஆகவே டீக்கடையில் உட்கார்ந்தவர்கள், "ஏம்ப்பா, வேற ஆளே இல்லையா?" என்றார்கள். ரேஷன் வரிசையில் நின்றவர்கள், "வேற ஆளே இல்லையா?" என்றார்கள். நூறு நாள் வேலைக்குப் போய் வேப்ப மரத்தடியில் மண்வெட்டியைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தவர்கள், எழுந்திருக்காமலேயே, "வேற ஆளே இல்லையா?" என்றார்கள். ஓட்டுக் கேட்டுப் போன பூமயிலின் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள், கோபமாகக்கூட இல்லை, வெயில் அதிகம் என்று சொல்வதுபோல. கடைசியில் ஒருநாள் கஞ்சி வடிக்கும்போது, உலைமூடியைப் பிடித்தபடி, தன் காதுக்கே கேட்காத குரலில் பூமயிலும் சொன்னாள். "வேற ஆளே இல்லையா?"

அன்றைக்கு மத்தியான மினிபஸ் நாவலேந்தல் விலக்கில் நின்றது. உரச்சாக்கோடு ஒருவர் இறங்கினார். கண்டக்டர் வழக்கம்போல விசிலை வாய்க்குக் கொண்டுபோய், வழக்கம்போல, "எறங்க வேற ஆள் இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கேன்" என்று பின் சீட்டிலிருந்து ஒருத்தி எழுந்து வந்து இறங்கினாள்.

டிக்கெட் கொடுத்த ஞாபகம் கண்டக்டருக்கு இல்லை, ஆனால் அவர் விசிலை ஊதிவிட்டார். கையில் பை இல்லை, பாதத்தில் தூசி இல்லை. சேலை நிறம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். டீக்கடையில் இருந்தவர்கள் யாரும் எழுந்திருக்கவில்லை, நீ யாருத்தா என்று ஒருவர் கேட்டார், "வேற ஆளு" என்றாள், "ஆங், வா, இவ்வளவு நேரமா?" என்று பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். கூப்பிட்டால் வரத்தானே செய்வார்கள் என்பது ஊரின் எண்ணம். எதற்கு இத்தனை வருஷம் கழித்து வந்தாள் என்றுதான் வருத்தம்.

அதற்குப் பிறகு பாருங்கள் கூத்தை. உயரமான ஆளாக இருக்கணும், கலெக்டர் ஆபீசில் முகம் தெரியணும் என்று ஒருவர் சொல்ல அவள் ஓர் அங்குலம் வளர்ந்தாள். ரொம்ப உயரம் வேண்டாம், நம்மிடம் குனிந்தல்லவா பேசணும் என்று இன்னொருவர் சொல்லத் தணிந்தாள். படித்திருக்கணும் என்றார்கள், அவள் டீக்கடைப் பேப்பரைக் கடகடவென்று வாசித்தாள். ரொம்பப் படித்த ஆள் நம்மை மதிக்காது என்றார்கள், பேப்பரை மடித்து வைத்துவிட்டாள். கறி விருந்து போடுவாளா என்று ஒருவர் மெல்ல விசாரித்தார், விருந்து போட்டால் அப்புறம் இவளுக்கும் அவர்களுக்கும் என்ன வித்தியாசம் என்று நாலு பேர் அவர் மேல் பாய்ந்தார்கள், பாய்ந்தவர்களில் இரண்டு பேர் பிற்பாடு தனியாக வந்து அதையே விசாரித்தார்கள்.

ஆனால் எல்லாரும் வட்டமடித்துக் கடைசியில் வந்து நின்றது ஒரே கேள்வியில்தான்: யாரு ஆளு? மேலத்தெருவில் ஒரு பெரியவர் அவளை மேலும் கீழும் பார்த்து, "சாடையப் பாத்தா நம்ம ஆளு மாதிரித்தான் இருக்கு" என்றார். சொன்னதுதான் தாமதம், அவள் வலது கைக்குப் பின்னால் இருந்த செங்கல் சுவர் கை வழியாகத் தெரிந்தது. யாரும் பதறவில்லை, பிள்ளை வெயிலில் வெளுத்திருக்கிறாள், மோர் கொடுங்கள் என்றார்கள். கீழத்தெருவுக்குப் போனபோது அங்கே ஒருத்தி கையைப் பிடித்து, "நெறத்தைப் பாருங்கடி, நம்ம ஆளேதான்" என்றாள், இடது தோள் வழியாகக் குழாயடியும் வரிசைக் குடங்களும் தெரிந்தன. அப்போதுதான் ஊருக்கு விஷயம் புரிந்தது. வேற ஆளை நம்ம ஆளு என்றால் கரைகிறாள்.

உடனே கட்டுப்பாடு போட்டார்கள்: அவள் காது கேட்க யாரும் நம்ம ஆளு என்று சொல்லக் கூடாது. கல்யாணத்துக்குப் போனாலும் அடிதடிக்குப் போனாலும் கடன் கேட்கப் போனாலும் அந்தச் சொல்லை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் போகிற ஊர், இப்போது பாதி வாக்கியத்தில் வாயைப் பொத்திக்கொண்டு, நம்ம... நம்ம... என்று விக்கிக்கொண்டு திரிந்தது. அவளைச் சமுதாயக்கூடத்தில் படுக்க வைத்தார்கள், அது எந்தத் தெருவுக்கும் சொந்தமில்லை. சோறு தெருவுக்கு ஒரு வேளை என்று முறை வைத்தார்கள். வந்ததை எல்லாம் சாப்பிட்டாள், உப்புக் கூடுதல், குறைச்சல் என்று ஒன்றும் சொல்லவில்லை.

"எல்லாம் எங்க மச்சான் ஏற்பாடு" என்றான் நாகநாதன். வழிவிட்டானும் தன் வீட்டில் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான். அப்புறம் அவள் கரைகிற விஷயத்தைக் கேள்விப்பட்டதும் நாகநாதன் சிரித்துவிட்டுப் பூமயிலிடம் சொன்னான். "நாம ஒண்ணும் செய்ய வேணாம். ஊர்க்காரன் வாயே அவளக் கரைச்சிரும்."

பூமயிலுக்கு அவளைப் பார்த்தே ஆகவேண்டும் என்றிருந்தது. வெயில் தாழ ஆட்டுக்குத் தழை ஒடிக்கிற சாக்கில் கண்மாய்க்கரைக்குப் போனாள். வேற ஆள் அங்கே கரைமேல் உட்கார்ந்து மேற்குப் பள்ளத்தையும் கிழக்குச் சமதரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க நிப்பீகளா?" என்று கேட்டாள் பூமயில். "நின்னா நான் உங்களுக்குத்தான் போடுவேன். என் புருஷன்கிட்டச் சொல்லிராதீக."

"நீ நிக்கிறவள்ல?"

"நின்னா என்ன? எனக்கும் வேற ஆளுதான் வேணும். என் கையி என் பேச்சக் கேக்காதுக்கா, எங்க மதினி கையி அவ பேச்சக் கேக்கல, எனக்குப் பயமா இருக்கு."

வேற ஆள் எதிர்க்கரையைக் காட்டினாள். பள்ளத்தின் விளிம்பில், சடையன் விழுந்த இடத்துக்கு நேராக, ஓர் உருவம் அசையாமல் நின்றது.

"அங்கன நிக்கிறது யாரு?"

"எங்க மதினி. தெனமும் அங்கதான் வந்து நிப்பா."

"அவுகளுக்கு நீ யாரு?"

"நானும் மதினிதான்."

"அப்ப ரெண்டு பேருல வேற ஆளு யாரு?"

இது என்ன விடுகதை என்று பூமயிலுக்குச் சலிப்பாக இருந்தது. தழைக்கட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள், ஆனால் கேள்வியும் கூடவே வந்து, மாவாட்டும்போதும் துணி மடிக்கும்போதும் கையெழுத்துப் பழகும்போதும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது.

மனுப் போடக் கடைசி நாளில் வேற ஆளை யூனியன் ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போனது இருளாயி. வாக்காளர் பட்டியலில் பேர் சேர்க்கவேண்டும், முன்மொழிய ஒருவர் வேண்டும், ஒரு வீட்டு நம்பர் வேண்டும்; வேற ஆள் வேண்டும் என்று தொண்டை கிழியக் கத்தினவர்கள் எல்லாரும், நம் வீட்டு நம்பரா என்றதும் ஆட்டைப் பிடிக்க, மாட்டைக் கட்ட என்று கிளம்பிவிட்டார்கள், இருளாயிதான் என் வீட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றாள். அங்கே கண்ணாடி போட்ட ஓர் அம்மா அதிகாரி.

"பேரு?"

"வேற ஆளு" என்றாள் அவள். அதிகாரி நிமிர்ந்து பார்க்கவில்லை. அதைவிட விசித்திரமான பேரெல்லாம் அந்த மேஜை பார்த்திருக்கிறது.

"எந்த ஊர் ஆளு?"

இருளாயி என்னென்னவோ சொல்லிச் சுற்றினாள். எங்க கண்மாய்த் தண்ணி குடிச்சிருக்காக என்றாள், எங்க வீட்டுல இன்னிக்குக் கூழு குடிச்சாக என்றாள்.

"அதெல்லாம் சரிம்மா. எந்த ஊர் ஆளுன்னு நீங்க வாயால சொன்னாத்தான் மனுவை நான் வாங்க முடியும்."

சொன்னால் என்ன ஆகும் என்று இருளாயிக்குத் தெரியும், சொல்லாவிட்டாலும் காரியம் ஆகாது. அவள் வேற ஆளின் முகத்தைப் பார்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, "எங்க ஊரு ஆளுதாங்க" என்றாள். கண்ணைத் திறந்தபோது நாற்காலி காலி. உட்கார்ந்த இடம் மட்டும் தொட்டால் கதகதப்பாக இருந்தது. இருளாயி அங்கேயே உட்கார்ந்து, புருஷனுக்கு அழாத அழுகையையும் சேர்த்து அழுதாள். "அடுத்து யாரு?" என்றார் அதிகாரி.

ஊர் இரண்டு நாள் துக்கம் காத்தது, மூன்றாம் நாள் யார் வாயால் அவள் போனாள் என்று சண்டை போட்டது, அதற்குள் பூமயிலுக்குப் பூட்டு, மங்களேஸ்வரிக்குக் கத்தரிக்காய் என்று சின்னம் கொடுத்து, தேர்தலும் வந்துவிட்டது. பேசி வைத்துக்கொண்டதெல்லாம் இல்லை. ஒவ்வொருவராக அந்த அட்டை மறைப்புக்குப் பின்னால் போனார்கள், ரோஸ் சீட்டை விரித்தார்கள், மேலே பூட்டு, கீழே கத்தரிக்காய், இரண்டுக்கும் நடுவில் ஒரு வெள்ளைப் பட்டை, அதில் ஒன்றுமே இல்லை, ஒன்றும் இல்லாத அந்த இடத்தில் அவள் கால் நீட்டி உட்கார்ந்திருப்பதுபோல ஒவ்வொருவருக்கும் தோன்றியது. மையில் தோய்த்த முத்திரையை அங்கேயே வைத்து அழுத்திவிட்டு, விரலில் மையோடு வீட்டுக்குப் போனார்கள்.

பூமயிலும் முத்திரையைத் தூக்கினாள். அவளுக்கும் அந்தப் பட்டை தெரிந்தது, கை அங்கேதான் போனது. பாதி வழியில் கண்மாய்க்கரைக் கேள்வி வந்து கையைப் பிடித்தது. அப்ப ரெண்டு பேருல வேற ஆளு யாரு? இங்கே நின்று பார்த்தால்... அடி ஆத்தாடி! தினமும் எதிர்க்கரையில் நின்றுகொண்டிருந்தவளை விட்டுவிட்டு மினிபஸ்ஸையா பார்த்துக்கொண்டிருந்தோம்? ஒரு தடவை கையெழுத்துப் போட்டு, அதன் பலனைக் கண்ணால் பார்த்து, சோறு இறங்காமல் நிற்கிறவள், இன்னொரு தடவை போடுவாளா? பூமயில் முத்திரையைக் கத்தரிக்காய் மேல் பதமாக வைத்து அழுத்தினாள். பிறந்ததிலிருந்து அவள் தன் இஷ்டத்துக்குப் போட்ட முதல் ஓட்டு அதுதான், வெளியே வரும்போது காலில் செருப்பு இருக்கிறதா என்றுகூடத் தெரியவில்லை.

யூனியன் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எண்ணினார்கள். பெட்டியைக் கவிழ்த்து, சீட்டை ஒவ்வொன்றாய் விரித்து, செல்லாதது என்றார்கள், செல்லாதது என்றார்கள், செல்லாதது, செல்லாதது என்று கறிச்சோறு தின்றவர் சீட்டும் சேலை வாங்கினவர் சீட்டும் பங்காளி சீட்டும் சம்பந்தி சீட்டும் ஒரே குவியலாய்ப் போய், அந்தக் குவியல் மேஜையைத் தாண்டித் தரையில் சரிந்தது. பூட்டுக்கு இரண்டு. கத்தரிக்காய்க்கு இரண்டு. மிச்சம் மொத்தமும் வெள்ளைப் பட்டையில்.

"புருஷன் ஒண்ணு, பொண்டாட்டி ஒண்ணு" என்று யாரோ கணக்குச் சொல்லிச் சிரித்தார்கள். நாகநாதனும் வழிவிட்டானும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பூமயில் மட்டும் யோசித்தாள். பூட்டுக்கு விழுந்ததில் ஒன்று அவுகளுடையது, சரி. இன்னொன்று? அது தன்னுடையது இல்லையே. மெல்லத் தலையைத் திருப்பினாள். மேஜைக்கு அந்தப் பக்கம் மங்களேஸ்வரியும் அதே கணக்கைப் போட்டு முடித்துவிட்டு இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது, அடக்க அடக்க முட்டிக்கொண்டு வந்தது, கூடவே கண்ணீரும் வந்தது.

சமமாக வந்தால் குலுக்கல். அதே கண்ணாடி அம்மா இரண்டு துண்டுச் சீட்டில் பேர் எழுதி, மடித்து, தன் சாப்பாட்டு டப்பாவில் போட்டு மூடிக் குலுக்கினார். நாகநாதன் கையை நீட்டினான், வழிவிட்டான் கையை நீட்டினான்.

"ரெண்டு பேரும் தள்ளுங்க" என்றார் அந்த அம்மா. "உங்க ஆளுங்களும் வேணாம். வேற ஆள் யாராவது வந்து எடுங்க."

வாசல் பக்கம் கூட்டம் விலகியது. "இருக்கேன்" என்று அவள் உள்ளே வந்தாள். கைவழியாகச் சுவர் தெரியவில்லை, தோள்வழியாகக் குடம் தெரியவில்லை, முழுசாக இருந்தாள். டப்பாவுக்குள் கையைவிட்டு ஒரு சீட்டை எடுத்து அதிகாரியிடம் கொடுத்தாள், அவர் பிரித்துப் "பூமயில்" என்று வாசிப்பதற்குள், வெளியே மினிபஸ் ஹாரன் கேட்டது, அவள் போய் ஏறிக்கொண்டாள். வேறு எத்தனை ஊரில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்களோ.

பதவி ஏற்ற மறுநாள் காலையில் பூமயில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். நாகநாதன் வெள்ளை வேட்டியில், ஆபீசுக்குப் புறப்பட்ட கோலத்தில், காகிதத்தையும் பேனாவையும் அடுப்பு மேடையில் வைத்தான்.

"கெழக்குப் பாதி. சுழி சரியாப் போடு."

பூமயில் தோசையைத் திருப்பிப் போட்டாள். அடுப்பை அணைத்தாள். கையைக் கழுவி, துடைத்து, காகிதத்தை எடுத்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் நிதானமாக வாசித்தாள். வாசித்து முடித்துப் பேனாவை மூடியால் மூடி அவன் சட்டைப் பையில் செருகினாள்.

"வேற ஆளப் பாருங்க" என்றாள்.

நாகநாதனுக்கு முதலில் விளங்கவில்லை. அவள் சொன்னபடியே, யாராவது இருக்கிறார்களா என்று வாசலைத் திரும்பிப் பார்த்தான். வாசலில், ஐந்து வருஷமாய் ஆபீஸ் பக்கமே போகாத மங்களேஸ்வரி, செருப்புப் போட்டு, தலை சீவி, கையில் குடையோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் கையெழுத்துப் போட்டே பார்த்த பழக்க தோஷம், அவன் காகிதத்தைத் தங்கச்சி பக்கம் நீட்டினான்.

"எனக்கும் அதேதாண்ணே" என்றாள் அவள். பிறகு உள்ளே எட்டிப் பார்த்து, "கெளம்பலாமா மதினி? இருளாயிய நேத்தே வரச் சொல்லிட்டேன், ஆபீஸ் வாசல்ல வந்து காத்துக் கெடப்பா" என்றாள்.

பூமயில் சேலையை உதறிச் செருகிக்கொண்டு வந்தாள். தோசை ஹாட்பாக்ஸில் இருக்கிறது, சட்னி மட்டும் அரைக்கவேண்டும் என்று புருஷனிடம் சொல்லிவிட்டு, மதினியின் குடைக்குள் நுழைந்து நடந்தாள்.